பிசிசி விசாரணையும் பிறந்த வீட்டு முகவரியும்

இங்கிலாந்துப் பள்ளிகளில் ஆசிரியராகச் சேர்வோருக்கு டிபிஎஸ் எனப்படும் குற்றப்பதிவுச் சோதனை உண்டு. அது பிரிட்டன் பதிவேடுகளைத்தான் பார்க்கும் என்பதால், இந்தியாவில் வாழ்ந்த ஆண்டுகளுக்கு நம் ஊர் காவல்துறை விசாரித்து, பாஸ்போர்ட் அலுவலகம் தரும் நன்னடத்தைச் சான்றிதழான பிசிசியையும் பள்ளி கேட்கிறது. இதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. 2002இல் சோஹம் என்ற ஊரில் பள்ளிப் பணியாளர் ஒருவர் இரண்டு சிறுமிகளைக் கொன்றபோது, அவர்மீது முன்பே எழுந்திருந்த புகார்கள் வேலை கொடுத்த பள்ளியை எட்டவே இல்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. பிள்ளைகளை நம்மிடம் ஒப்படைக்கும் பெற்றோர் இவ்வளவு எச்சரிக்கையை எதிர்பார்ப்பது நியாயமே.

அங்கே ஆசிரியராகச் சேரவிருந்த நான், விடுமுறையில் ஊருக்கு வந்ததும் 500 ரூபாய் கட்டணம் செலுத்தி, பாஸ்போர்ட் சேவா கேந்திரா வேலையை முடித்தேன். அடுத்தது காவல் நிலைய விசாரணை. கல்லூரி நாள்களில் முதல் பாஸ்போர்ட் எடுத்தபோது ஏட்டையா வீட்டுக்கே வந்து, திண்ணையில் அமர்ந்து அம்மா கொடுத்த காப்பியைக் குடித்து, அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுப் போனார். இம்முறை நிலையத்துக்கு வரச் சொல்லித் தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கிருந்த ரைட்டர் தாள்களைப் புரட்டிவிட்டு, "நீங்கதான் இங்க இல்லையேம்மா, ரேஷன் கார்டுலயும் பேரு இல்ல, முகவரியில வசிக்கலைன்னுதான் எழுத முடியும்" என்றார். திருமணத்துக்குப் பின் பெயர் நீக்கப்பட்டதையும், நான் வளர்ந்ததும் படித்ததும் அந்த வீட்டில்தான் என்பதையும் எடுத்துச் சொன்னேன். என்னைக் குழந்தையிலிருந்து அறிந்த பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தள்ளாத வயதில் உடன் வந்து சாட்சி சொன்னார். அவரை உட்காரச் சொல்லக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. என் கோபமெல்லாம் அங்கேதான் பொங்கியது.

பள்ளி கேட்பது நான் இங்கே வாழ்ந்த காலத்தில் குற்றம் செய்தேனா என்பதை. நிலையம் தேடியதோ நான் இப்போது இங்கே குடியிருக்கிறேனா என்பதை. பிசிசியில் அச்சாகும் வாசகமும் பாதகமான தகவல் ஏதும் இல்லை என்றுதான் சொல்கிறதே தவிர, இன்றைய இருப்பிடத்துக்குச் சான்று கூறுவதில்லை. டிபிஎஸ் விண்ணப்பத்தில் ஐந்து ஆண்டு முகவரிகளை, எப்போது முதல் எப்போது வரை என்று எழுதினால் போதும். பழைய வீட்டில் இன்று ஏன் இல்லை என்று யாரும் குற்றம் பிடிப்பதில்லை.

மாலையில் வந்த பெண் உதவி ஆய்வாளர் பள்ளிக் கடிதத்தை முழுவதும் படித்தார். தலைமையாசிரியருக்கு நாற்காலி போடச் சொன்னார். பிறகு என் பெயரில் வழக்கு ஏதும் உண்டா என்று கணினியில் தேடச் செய்து, இல்லை என்று அறிக்கை அனுப்பவைத்தார். காலையிலேயே செய்திருக்கக்கூடிய வேலை அது.

வெளிநாட்டில் வசித்துக்கொண்டு பிறந்த வீட்டு முகவரியில் விண்ணப்பிப்பவர்கள், பழைய பாஸ்போர்ட், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பெற்றோரின் குடும்ப அட்டை, வேலை தரும் பள்ளியின் கடிதம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ரைட்டர் மறுத்தால், நிலைய அதிகாரியை நேரில் பார்க்காமல் திரும்பாதீர்கள்.