ஐந்து வெள்ளி வரிசையா, தனியார் அறையா? ஆட்டிசம் மதிப்பீட்டுக்கு நான் தேர்ந்தெடுத்த வழி

பழகுவதிலும் பேசுவதிலும் புலன்களிலும் பிறவியிலேயே இருக்கும் வேறுபாடான ஆட்டிசம் தனக்கு இருக்கலாம் என்று சந்தேகிக்கும் இருபது வயதைக் கடந்த பெண்ணுக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரிலிருந்து இரண்டு வழிகள் இருக்கின்றன. அரசு சுகாதார கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அல்லது ஈப்போவிலோ பினாங்கிலோ கோலாலம்பூரிலோ தனியாகத் தொழில் நடத்தும் மருத்துவ உளவியலாளரிடம் பணம் கட்டி முழு மதிப்பீடு செய்துகொள்ளலாம். நான் முதல் வழியில் போனேன். என் சித்தி மகள் இரண்டாவதில் போனாள். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு முதலாவதே மேல் என்பது என் முடிவு. அதற்குப் பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு.

பணத்தை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் பிரிவில் 5 வெள்ளி. தனியார் மதிப்பீட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். செம்பனைத் தோட்டச் சம்பளத்தில் ஓடும் வீட்டில் அது பல வார உழைப்பு. தேதி கிடைப்பதில் தனியார் விரைவு, அரசு தாமதம். இணையத்தில் நிரப்பும் கேள்வித்தாள்களை மூன்றாவது வழியாக நான் எண்ணவில்லை. ஆட்டிச இயல்புகளை அளக்க 2001இல் வந்த, 50 கேள்விகள் கொண்ட ஏ.க்யூ. ஆகட்டும், தன் இயல்பை மறைத்துப் பழகுவதை அளக்க 2019இல் வெளியான கேட்-க்யூ ஆகட்டும், மருத்துவரிடம் பேச்சைத் தொடங்க உதவும். முடிவு சொல்லும் தகுதி அவற்றுக்கு இல்லை.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது குழந்தைப் பருவச் சான்று. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, அறிகுறிகள் சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். வளர்ந்த பெண்ணுக்கு இதைக் காட்டுவதுதான் கடினம். 1943இல் மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசம் என்று விவரித்த 11 குழந்தைகளில் மூவர்தான் பெண்கள். அடுத்த ஆண்டு குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விவரித்த நால்வரும் சிறுவர்கள். ஆண் பிள்ளைகளைப் பார்த்து உருவான அடையாளங்களுக்குள் நம் வீட்டுப் பெண் எளிதில் அகப்படுவதில்லை. யாரோடும் பேசாமல் ஓரமாக இருக்கும் சிறுமியை நம்மவர்கள் ‘அடக்கமான பிள்ளை’ என்று மெச்சுவார்கள். தமிழ்ப்பள்ளியின் தேர்ச்சி அறிக்கையிலும் அதையேதான் எழுதுவார்கள். மருத்துவக் குறிப்பு ஒன்றும் இருக்காது. அம்மாவின் நினைவு ஒன்றே ஆதாரம்.

அந்த நினைவு கேட்டவுடன் வந்துவிடாது. எங்கள் பேராக் மாநிலத்தில் ஒருவரைப் பைத்தியம் என்று ஏச வேண்டுமானால் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்றால் போதும். 1911 முதல் மனநல மருத்துவமனை இயங்கும் ஊர் அது. அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்த ஒரு தாய், மனநலப் பிரிவின் நாற்காலியில் உட்கார்ந்து, “உங்கள் மகள் சிறுவயதில் எப்படி?” என்ற கேள்விக்கு என்ன சொல்வார்? “ஒரு குறையும் இல்லை டாக்டர், நல்ல பிள்ளை” என்றார் என் அம்மா. மகளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார்.

அரசு மருத்துவமனையின் தாமதம் எனக்குக் கைகொடுத்தது இங்கேதான். அடுத்த தேதி வெகுநாள் தள்ளி இருந்தது. இடைப்பட்ட மாலைகளில், சமையல் நடுவே, அம்மா ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்தார். திருவிழாவில் உறுமி மேளம் தொடங்கினால் நான் கோயிலுக்குப் பின்னால் ஓடி ஒளிவேனாம். பேய் பயம் என்று பூசாரியிடம் மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்களாம். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் மற்றப் பிள்ளைகள் விளையாட, நான் ரப்பர் கொட்டைகளை வரிசையாக அடுக்குவேனாம். யாராவது ஒன்றை நகர்த்தினால் மாலைவரை அழுகை ஓயாதாம். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வானொலி விளம்பரத்தை அதே குரலில் ஒப்பிப்பேன் என்பதைப் பெரியம்மா தொலைபேசியில் சொன்னார். ஒவ்வொன்றையும் வயதைக் குறித்து ஒரே தாளில் எழுதி வைத்தேன்.

அடுத்த முறை பார்த்த மருத்துவர் தமிழர். தாளைப் படித்துவிட்டு, “தாயத்து எதற்குக் கட்டினீர்கள், அம்மா?” என்று கேட்டார். அம்மா நிறுத்தாமல் பேசினார். ‘சமூகத் தொடர்பில் சிரமம் உண்டா’ என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

அரசு வழியில் குறைகள் நிறைய. போகும்போதெல்லாம் வேறு மருத்துவர் இருக்கலாம். கதையை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். அதற்காகவே அந்தத் தாளின் நகலைக் கோப்பில் வைக்கச் சொன்னேன். பெரியவர்களின் ஆட்டிசத்தில் பழக்கமுள்ள மருத்துவர்கள் குறைவு. எல்லா மருத்துவமனையிலும் மருத்துவ உளவியலாளர் இருப்பதில்லை. “படித்து வேலை பார்க்கிறாய், உனக்கு எப்படி?” என்ற பதிலும் வரலாம். அப்படி வந்தால் வேறு மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

தனியார் வழியை நான் சித்தி மகள் மூலமாகத்தான் அறிவேன். ஒரே உளவியலாளர் அவசரமில்லாமல் நெடுநேரம் அவள் சொன்னதைக் கேட்டார். அவளுக்குக் கிடைத்த அறிக்கை என்னுடையதைவிட விரிவானது, கனிவானது. ஆனால் சித்தி ஒரே பிற்பகலில் இருபது ஆண்டுகளை நினைவுகூர வேண்டியிருந்தது. இன்னோர் அமர்வுக்கு இன்னொரு கட்டணம். குழந்தைப் பருவத் தகவல் போதவில்லை என்ற வரி அந்த அறிக்கையில் நின்றுவிட்டது. இது ஒருத்தியின் அனுபவம். வேறோர் உளவியலாளர் தாயைப் பிறகு தொலைபேசியில் அழைத்துப் பேசக்கூடும். தனியாரிடம் போவதானால், தாயோடு தமிழில் பேசுவாரா, இரண்டாம் முறை பேச இடமுண்டா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர்கள் 2016ஆம் ஆண்டுத் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின்கீழ் பதிவு பெற வேண்டியவர்கள், அதையும் சரிபாருங்கள்.

சமூக நல இலாகாவின் மாற்றுத்திறனாளி அட்டைக்கு ஆட்டிசம் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் பதிவாகிறது; விண்ணப்பத்தில் மருத்துவரின் உறுதிச்சான்று வேண்டும். உளவியலாளர் மருத்துவர் அல்லர் என்பதால், சித்தி மகள் அறிக்கையோடு மறுபடி அரசு மருத்துவமனைக்கே வந்தாள். நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அட்டை வேலையிடத்தில் எவ்வளவு உதவும் என்று என்னால் சொல்ல இயலாது.

பல்கலைக்கழகத் தேர்வுச் சலுகைக்குக் கெடு நெருங்குகிறது என்றால், கையில் பணமும் இருந்தால், தனியாரிடம் போவதில் தவறில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்றால் எந்தத் தேதிக்கும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அம்மா இல்லாதவர்கள் அத்தையையோ மூத்த அக்காவையோ லயத்துப் பக்கத்து வீட்டுப் பாட்டியையோ அழைத்துப் போகலாம். உங்களை ஐந்து வயதில் தினமும் பார்த்தவராக இருந்தால் போதும்.