43,000 ரூவாயத் தொளியில போட்டேன் – விஞ்ச் வாங்கப் போறவங்க இதப் படிச்சிட்டுப் போங்க

கோவத்துல எழுதுதேன். தப்புத்தவறு இருந்தா பொறுத்துக்கிடுங்க. நேத்து சாயங்காலம் அந்தக் கடைக்குக் கடைசியாப் போன் போட்டேன், எடுக்கல. வாட்ஸ்அப்ல ஒத்த டிக்கோட நிக்கி. பிளாக் பண்ணிட்டான் சவத்துப்பய. விஞ்சுன்னா வண்டி முன்னால மாட்டுற மோட்டாரு, தொளியில, அதாவது சேத்துல வண்டி மாட்டுனா கம்பிக் கயித்தச் சுத்தி இழுத்து வெளிய எடுக்கும். விஞ்சுக்கு 38,500, மாட்டுறதுக்கு 4,500. மொத்தம் 43,000 ரூவா. ரெண்டு வெட்டு வாழைத்தார் வித்த துட்டு.

கடை பேரு போடல. "கேஸ் போடுறதுக்கு முந்தி பேர எழுதி வம்ப வெலைக்கு வாங்காதிய"ன்னு பக்கத்து வீட்டு வக்கீல் சொல்லிட்டாரு. ஜீப்புக்குப் பம்பரு, லைட்டு, பெரிய டயரு, விஞ்சுன்னு விக்கிற வெளியூர்க் கடை. தெனம் ஒரு வீடியோ போடுவான். இதுக்கு மேல கேக்காதிய.

எனக்கு மேலச்செவல் பக்கம் வாழைத் தோட்டம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். வண்டி மகேந்திரா தாரு ஜீப்பு, டீசல், ஃபோர் வீல். (தார் வாங்கியிருக்கேன்னு சொன்னதுக்கு எங்க பெரியம்ம "எத்தன சீப்பு இருக்கு?"ன்னா. எங்க ஊர்ல தார்னா அதான்.) 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் மறந்திருக்காது. திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே முங்கிக் கிடந்துச்சுல்லா. அப்ப தோட்டத்துப் பாதையில வண்டி மாட்டி, மூணாம் நாள்தான் எடுத்தோம். அன்னைக்குப் பிடிச்ச கிறுக்குதான் இந்த விஞ்ச்.

கடைக்குள்ள போயி ரெண்டு வார்த்த பேசுனதுமே அவன், "அண்ணாச்சிக்கு நம்ம பக்கமா? எனக்கு அம்பாசமுத்திரம்லா!"ன்னான். அவ்வளவுதான், விழுந்துட்டேன். வெளியூர்ல போயி ஒருத்தன் வாயில 'அண்ணாச்சி'ங்கிற சொல்லக் கேட்டா நம்ம ஆளுகளுக்கு மனசு எளகிரும். ஸ்டூலு எடுத்துப் போட்டான், டீ சொன்னான், ஆத்துல தண்ணி எவ்வளவு போகுதுன்னு விசாரிச்சான். அவங்க தாத்தாவுக்கும் வாழைதானாம். மாட்டுறதுக்காக ரெண்டாந்தடவ போனப்ப நானே அரைக்கிலோ அல்வா வாங்கிட்டுப் போயி அவனுக்குக் குடுத்தேன். இத எழுதவே வெக்கமா இருக்கு.

"தாரு ரெண்டு டன்னு அண்ணாச்சி. இது 9,500 பவுண்டு, நாலு டன்னுக்கு மேல இழுக்கும். டபுளு! உங்களுக்குப் போயி நான் கொறஞ்ச சாமானக் குடுப்பேனா?"

கணக்கு சரிதான், அதையும் சொல்லிருதேன். 9,500 பவுண்டுன்னா 4,309 கிலோ. வண்டியோட மொத்த எடையில ஒன்றரை மடங்குக்கு மேல விஞ்ச் இருக்கணும்ங்கிறது பொதுவா எல்லாரும் சொல்லுற கணக்கு. மொத்த எடைன்னா காலி வண்டி இல்ல. டீசலு, ஆளு, சாமான், பின்னால கிடக்க மண்வெட்டி வரைக்கும். என் வண்டிய இப்ப எடை மேடையில ஏத்திப் பாத்தேன், 2,180 கிலோ. ஒன்றரை மடங்கு 3,270 கிலோ, அதாவது 7,200 பவுண்டு சொச்சம். அப்ப 8,000 தான் அடிமட்டம், 9,500 போட்டா நிம்மதி. ஆக அவன் சொன்ன நம்பர்ல தப்பே இல்ல. சாமான்லதான் தப்பு.

"டெமோ பீசு அண்ணாச்சி, அதான் பெட்டி இல்ல, அதுக்குத்தான் 38,500க்குத் தாரேன்"ன்னான். செவப்புல பெருசா 9500ன்னு ஸ்டிக்கரு. நானும் மச்சானும் அந்த ஸ்டிக்கரப் பாத்தோமே தவிர, ஒரு கை குடுத்துத் தூக்கிப் பாக்கல. கடையில வேல பாக்கிற பய, இருபது வயசு இருக்கும், ஒல்லிக்குச்சி, ஒத்த ஆளாத் தூக்கிக்கொண்டு வந்து பிளேட்டு மேல வச்சான். "பய நல்ல பலசாலிலா"ன்னு மச்சான்ட்ட சொன்னேன். கிறுக்கன் நான்.

பில்லு கேட்டேன். "ஜிஎஸ்டி போட்டா ஏறிரும் அண்ணாச்சி, எஸ்டிமேட்டுல போட்டுத் தாரேன், வாரண்டி நான் இருக்கேன்லா"ன்னான். துண்டுத்தாள்ல எழுதிக் குடுத்தான். ஜிபேயில துட்டு போனது கடை பேருக்குக் கூட இல்ல, ஏதோ ஒரு பொம்பளப் பேருக்கு. அப்பவும் எனக்கு உறைக்கல.

போன ஞாயித்துக்கிழம. முந்தின நாள் ராத்திரி முழுக்க மழ. தோட்டத்துக்கும் வயலுக்கும் நடுவுல உள்ள வண்டிப்பாதையில எறங்குனேன், இடது பக்க ரெண்டு சக்கரமும் தொளிக்குள்ள போயிட்டு. பாதிச் சக்கரத்துக்கு மேல களி. நான் பதறவே இல்ல. உண்மையச் சொல்லப்போனா உள்ளுக்குள்ள சந்தோசம்தான், இன்னைக்கு விஞ்ச் போட்டுப் பாக்கலாம்னு. முப்பதடி தூரத்துல கால்வாய்க் கரையில மருத மரம் நின்னுச்சு. மரத்துக்குப் பட்டைப் பெல்ட்டு கட்டி, கொக்கிய மாட்டி, கம்பிக் கயிறு மேல நனஞ்ச சாக்கப் போட்டு எல்லாம் மொறையாத்தான் செஞ்சோம். ரிமோட்ட அமுக்குனேன்.

கயிறு விறைச்சுது. வண்டி ஒரு சாண் நகந்துச்சு. அப்புறம் மோட்டாரு மொனங்க ஆரம்பிச்சுது. கருகல் நாத்தம். விட்டுருவோம்னு ரிமோட்டுலேருந்து கைய எடுத்தேன். நிக்கல. கைய எடுத்த பெறகும் அது இழுத்துக்கிட்டே இருக்கு! மோட்டாருக்குக் கரண்டு விடுற சுவிட்சு, சொலினாய்டும்பாங்க, அது உள்ள ஒட்டிக்கிட்டு. கம்பியில ஒவ்வொரு இழையாத் தெறிக்கிற சத்தம், டிக், டிக்னு. மச்சான் பானெட்டத் தெறந்து, ஸ்பானர் வச்சு பேட்டரி டெர்மினலக் கழத்துனான். அவன் கழத்துறதுக்குள்ள எனக்கு உசுரே போயிட்டு. அந்தக் கயிறு அறுந்து திரும்பி அடிச்சிருந்தா முன்னால குனிஞ்சு நின்ன அவன் தலை இருந்திருக்காது. 43,000 கூடப் போகட்டும், எங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

கடைசில டிராக்டர் வந்துதான் எடுத்துது. சங்கிலியப் போட்டு ரெண்டு நிமிசம். 500 ரூவா. "எதுக்கு அண்ணாச்சி இதுக்குப் போயித் துட்டு போட்டிய"ன்னு டிரைவர் கேட்டான். நான் ஒண்ணும் பேசல.

மறுநா விஞ்சக் கழத்தி பேட்டையில ஒரு லேத்துப் பட்டறைக்குக் கொண்டு போனேன். மேஸ்திரி நகத்தால ஸ்டிக்கர் ஓரத்தக் கீறுனாரு, பாலாடை மாதிரி உரிஞ்சு வந்துட்டு. அடியில அச்சடிச்ச எழுத்து: 4500. தராசுல வச்சா 17 கிலோ. கம்பிக் கயிறு போட்ட 9,500 விஞ்ச் முப்பது கிலோவுக்கு மேலதான் இருக்கும், ஒத்தக் கையில தூக்குற சாமானே இல்ல. வெர்னியர் அளவுகோல் வச்சா கயிறு 6 மில்லிமீட்டர் தடிமன். 9,500 சைசுக்கு எட்டு மில்லிமீட்டரு, இல்ல அதுக்கு மேல இருக்கணும். 85 அடின்னு சொன்ன கயிறு விரிச்சு அளந்தா அம்பதடி. பேட்டரியிலேருந்து வார வயரு சுண்டுவிரல்ல பாதி. நெசமான 9,500 முழு பாரத்துல 350, 400 ஆம்பியர் இழுக்கும், அந்த வயர்ல போனா வயரே எரியும்.

4,500 பவுண்டுன்னா 2,041 கிலோ. நாலு சக்கர பைக்குக்கு மாட்டுற சாமான். சேத்துல சக்கரம் பொதஞ்சா அந்தச் சேத்தோட பிடிப்பு மட்டுமே வண்டி எடைக்குச் சமம்னும், மட்கார்டு வரைக்கும் போனா ரெண்டு மடங்குன்னும் ராணுவத்துல மீட்பு வேல பாக்கிறவங்க கணக்கு வச்சிருக்காங்க. என் வண்டி 2,180. சக்கரம் பொதஞ்சதுக்கே அது பத்தாது. இன்னொண்ணு, விஞ்சுல எழுதியிருக்க நம்பரு, கயிறு சுத்துற டிரம்முல அடி வரிசை மட்டும் மிச்சம் இருக்கும்போது கெடைக்கிற பலம். மேல மேல வரிசை ஏற ஏற பலம் கொறையும். நான் முப்பதடிதான் விட்டிருந்தேன், பாக்கி இருபதடி டிரம்முலயே கிடந்துச்சு.

இனி அவன் பேசுனதக் கேளுங்க.

முத நாள்: "அப்படியா அண்ணாச்சி, வீடியோ எடுத்து அனுப்புங்க, பாத்திருவோம்."

ரெண்டாம் நாள்: "உங்க பேட்டரி வீக்கு சார்." அண்ணாச்சி போயி சாராயிட்டேன், கவனிச்சியளா?

அன்னைக்குச் சாயங்காலம் ஸ்டிக்கர் போட்டோவ அனுப்புனேன். "சார், 9,500ங்கிறது ரோலிங் கெபாசிட்டி. உருண்டு வார வண்டிய இழுக்கிறதுக்கு." உருண்டு வார வண்டிக்கு எனக்கு எதுக்குல விஞ்ச்? நானே தள்ளிக்கிடுவேன்லா!

மூணாம் நாள்: "தண்ணி போயிருக்கு சார், தண்ணி போனா வாரண்டி கெடையாது." தொளிக்காகத்தாம்ல வாங்குனேன். அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல". எங்கிட்ட டீ குடுத்துப் பேசுனவனே ஓனர்தான்! கடைசியா ஒரு மெசேஜ்: "எஸ்டிமேட் பில் இல்லை சார். வழக்கு போடுறதுன்னா எங்க ஊர் கோர்ட்லதான் போடணும்." அதோட பிளாக்கு.

அதுவும் பொய்யி. 2019 நுகர்வோர் சட்டத்துல நாம குடியிருக்க மாவட்டத்துலயே போடலாம். 5 லட்சம் வரைக்கும் குடுத்து வாங்குன சாமானுக்குக் கட்டணமும் கெடையாது, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும்னு வக்கீல் சொன்னாரு. மொதல்ல நுகர்வோர் உதவி நம்பரு 1915க்குப் போன் போட்டுப் புகாரப் பதிஞ்சுட்டேன். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, உரிச்ச ஸ்டிக்கரு எல்லாம் பத்திரமா இருக்கு.

விஞ்ச் எப்படிப் பாத்து வாங்குறதுன்னு விலாவாரியா எழுதணும்னுதான் உக்காந்தேன், பாதி திட்டுறதுலயே போயிட்டு. தண்ணி பாய்ச்ச ஆளு வேற வந்து நிக்கான். அவசரத்துல சொல்லுதேன்: வண்டிய லோடோட எடை மேடையில ஏத்திட்டு அப்புறம் கடைக்குப் போங்க. விஞ்சத் தூக்கிப் பாருங்க, லேசா இருந்தா வெளிய வந்துருங்க. ஸ்டிக்கர நகத்தால கீறிப் பாருங்க, கடைக்காரன் மொறைச்சா மொறைக்கட்டும். துட்ட மிச்சம் பிடிக்கணும்னா பெரிய விஞ்சுக்குப் பதிலா நல்ல விஞ்சோட ஒரு கப்பி வாங்குங்க. கயித்த மடிச்சு மாட்டுனா இழுவை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, வேகம் பாதி. டிரம்முல அஞ்சு சுத்தாவது எப்பவும் மிச்சம் இருக்கணும். கயித்துக்கு நேரா ஒருத்தனையும் நிக்க விடாதிய. ஜிஎஸ்டி பில்லு இல்லன்னா ஒரு ரூவா குடுக்காதிய, அவன் உங்க சொந்த சித்தப்பா மவனா இருந்தாலும்.

விஞ்சு இப்ப பம்ப்செட்டு ரூமுல கிடக்கு. சொலினாய்ட மாத்துனா கிணத்துலேருந்து மோட்டாரத் தூக்க ஆகுமான்னு மச்சான் காலைல கேக்கான். 43,000 ரூவாய்க்குக் கிணத்து உருளை. இன்னும் அவனுக்குப் பதில் சொல்லல.