டிராக் ரேஸுக்கு நிசான் ஜிடி-ஆர் ஆர்35: முதல் செலவு கியர்பாக்ஸுக்கு

பழைய ஆர்35 ஒன்றை வாங்கி டிராக் ரேஸுக்கு, அதாவது கால் மைல் நேர்கோட்டு ஓட்டத்துக்குத் தயார் செய்ய நினைப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே டர்போவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இந்தக் காரில் அது கடைசியாகப் பேச வேண்டிய விஷயம்.

எஞ்சினில் பெரிய குறை இல்லை. 3.8 லிட்டர் வி6, இரட்டை டர்போ. 2007-ல் 480 குதிரைத்திறனோடு வந்து, 2017 மாடலில் 570-ஐத் தொட்டது. பிளாக் கெட்டியானது, முதலில் கைவிடுவது பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுதான். சக்கரத்தில் டார்க் (சுழற்று விசை) 800 நியூட்டன் மீட்டரை ஒட்டி வந்துவிட்டால் ஒரிஜினல் ராடை நம்ப வேண்டாம். இங்கே எண்ண வேண்டியது டார்க்கை, குதிரைத்திறனை அல்ல. சின்ன டர்போவில் பூஸ்டை (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை) ஏற்றினால் குறைந்த ஆர்பிஎம்மிலேயே மொத்த டார்க்கும் வந்து விழும். ராடுக்கு அதுதான் எமன். நடுவில் பூஸ்டை அடக்கி, மேலே போகப் போக ஏற்றிக் கொடுக்கும் ட்யூனரிடம் காரைக் கொடுங்கள்.

இ85 (பெரும்பகுதி எத்தனால் கலந்த எரிபொருள்) ஊற்றினால் நாக்கிங் பயம், அதாவது எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் பயம் குறையும். ஆனால் பெட்ரோலைவிட அளவில் சுமார் 30 சதவீதம் கூடுதலாகக் குடிக்கும். கம்பெனி கொடுத்த 570 சிசி இன்ஜெக்டர் அதற்குப் பற்றாது. 1,000 சிசிக்கு மேல் வேண்டும், டேங்குக்குள் இரண்டு பெரிய பம்பும் வேண்டும். இன்ஜெக்டரை மாற்றிவிட்டுப் பம்பை அப்படியே விடுவது பலரும் செய்யும் தவறு. கீழ் கியர்களில் ஒன்றும் தெரியாது. மேல் கியரில் நீண்ட நேரம் முழு த்ராட்டிலில் இருக்கும்போது பிரஷர் சரியும், கலவை லீன் ஆகும் (காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாது), பிஸ்டன் உருகும். ட்யூனர் பதிவு செய்யும் டேட்டா லாகில் பூஸ்ட் ஏறும் அளவுக்கு ஃப்யூவல் பிரஷரும் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த ரன்.

இனி கியர்பாக்ஸ். பின்னால் உட்கார்ந்திருக்கும் ஜிஆர்6 என்ற ஆறு கியர் இரட்டை கிளட்ச் பெட்டி இது. தெருவில் அற்புதம். டிராக் ரேஸில் மூன்று இடங்களில் அடி வாங்கும்.

ஒன்று, கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. டார்க் கூடினால் தட்டுகள் வழுக்கும்: நாலாவது, ஐந்தாவது கியரில் ஆர்பிஎம் துள்ளும், வேகம் கூடாது. சாஃப்ட்வேரில் எண்ணெய் அழுத்தத்தை மட்டும் கூட்டித் தப்பிக்கப் பார்ப்பது கொஞ்ச நாள் வைத்தியம். தேய்ந்த தட்டின் தூள், எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு வால்வில் போய் அடைத்துக்கொண்டு கியர் மாறாமல் நிற்கும்போது செலவு இரட்டிப்பாகும். கூடுதல் தட்டு உள்ள கிளட்ச் போடுவதே சரி.

இரண்டாவது ஒரு சின்ன வளையம். சாய்வுப் பல் கியர்கள் சுழலும்போது ஷாஃப்டை அச்சு வழியே ஒரு பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலைப் பிடித்து நிற்கும் சர்க்ளிப், நின்ற இடத்திலிருந்து பலமாகக் கிளம்பும் லாஞ்சுகளில் தன் பள்ளத்திலிருந்து நழுவிவிடும். ஷாஃப்ட் நகர்ந்து கியர்கள் மோதும். கிளட்சுக்காகப் பெட்டியைத் திறக்கும்போதே இதையும் பலப்படுத்திவிடுங்கள். இரண்டு முறை திறப்பதற்குக் கூலி கொடுப்பது வீண்.

மூன்றாவது, முதல் கியர். நிற்கும் இடத்திலிருந்து 1,740 கிலோ காரைப் பிய்த்துக்கொண்டு போகும்போது, டயர் ஒரு கணம் சுழன்று சட்டென்று பிடித்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் அதன் பற்களில்தான் இறங்கும். தொடக்க கால மாடல்களில் லாஞ்ச் கன்ட்ரோலால் (ஆர்பிஎம்மை ஏற்றி வைத்துக் காரைக் கிளப்பும் வசதி) கியர் பெட்டி போய், பின்னர் நிசானே லாஞ்ச் ஆர்பிஎம்மைக் குறைத்துப் புது ப்ரோகிராம் கொடுத்த கதை தெரிந்ததுதானே.

ஆகவே டயரில் கஞ்சத்தனம் கூடாது. ஒரிஜினல் 20 அங்குல ரன்ஃப்ளாட்டின் (காற்று போனாலும் ஓடும் டயரின்) பக்கச்சுவர் விறைப்பானது, டிராக் ரேஸுக்கு உதவாது. சின்ன ரிம்மும் டிராக் ரேடியலும் (டிராக் ரேஸுக்கான பிடிப்பு மிக்க டயர்) போட்டால் சுவர் மடங்கி அதிர்ச்சியை விழுங்கும். அப்போது பிரேக் காலிப்பர் ரிம்மில் இடிக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். முன், பின் டயர்களின் சுற்றளவு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் முன் சக்கரங்களுக்குச் சக்தி அனுப்பும் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடேறும். டயரை நனைத்துச் சுழற்றிச் சூடாக்க ஸ்டார்ட் கோட்டுக்கு முன்னால் இருக்கும் தண்ணீர்ப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போங்கள். முன் டயர் நனைந்தால் ஸ்டார்ட் கோடு வரை ஈரத்தைச் சுமந்து வரும்.

இத்தனையும் சரியாகச் செய்தால் கால் மைலை 10 விநாடியில் கடக்கும் நம்பகமான கார் கிடைக்கும். அதே சட்டகத்தில் 6 விநாடி வரை போனவர்களும் உண்டு, அது வேறு உலகம். ரன்னுக்கு ரன் இப்படி ஒரே மாதிரி ஓடும் கார்கள் குறைவு.

வாங்கப் போகும்போது எஞ்சின் சூடான பிறகு நியூட்ரலில் விட்டுக் காது கொடுங்கள். இருக்கைகளுக்கு நடுவே ஓடும் டனலின் முன்பக்கம் கடகடத்தால், எஞ்சினின் பின்முனையில் உள்ள பெல் ஹவுசிங் என்ற கூட்டின் பேரிங் தேய்ந்திருக்கிறது. விலையைக் குறைக்கச் சொல்லலாம். கியர்பாக்ஸ் எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்ற ரசீது இல்லையென்றால், எவ்வளவு பெரிய டர்போ மாட்டியிருந்தாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.