சரிவு மனைக்கு தேங்காய் நார் வலை: வாங்கலாமா?

கன்னியாகுமரி மாவட்டத்துல மலையடிவாரத்துல மனை வச்சிருக்கவங்களுக்கு தான் இந்த ரிவ்யூ, சமதளத்துல வீடு கட்டுறவங்களுக்கு இது தேவையே படாது. வெட்டி விட்ட சரிவுல மழை மண்ணை அரிச்சுட்டு போகாம இருக்க விரிக்கிற வலை இது. நான் வாங்கினது 700 ஜிஎஸ்எம் காயர் வலை, அதாவது சதுர மீட்டருக்கு 700 கிராம் எடை. கடைக்காரங்க காயர் மேட், காயர் பூவஸ்த்ரா, ஜியோடெக்ஸ்டைல்னு ஆளாளுக்கு ஒரு பேர் சொல்லுவாங்க எல்லாம் ஒண்ணு தான், தேங்காய் நாரை கயிறா திரிச்சு வலை மாதிரி நெய்தது. 400, 700, 900னு கிடைக்கும். எடை கூடக்கூட கண் சின்னதாகும், விலையும் ஏறும்.

பொருள் சூப்பர், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. நம்ம ஊருக்கு ஜூன்லயும் மழை அக்டோபர்லயும் மழை, ஜேசிபி வச்சு வெட்டி விட்ட செம்மண்ணு மேல ஒரு நல்ல மழை பெஞ்சா போதும் விரல் விரலா கீறி ஓடும், அடுத்த மழையில அந்த கீறல் ஓடையாயிடும். வலை விரிச்ச இடத்துல மழைத்துளி நேரா மண்ணுல அடிக்கல, ஒவ்வொரு கயிறும் குட்டி வரப்பு மாதிரி தண்ணிய நிறுத்தி நிறுத்தி விடுது. மழை விட்டதும் போய் பாத்தா ஒவ்வொரு கயிறுக்கு மேல்பக்கமும் மெல்லிசா வண்டல் படிஞ்சிருக்கு, விரிக்கறதுக்கு முன்னாடி தூவின புல்லு விதை அதுல தான் முதல்ல முளைச்சுது. ரெண்டு மூணு வருஷத்துல நாரு மக்கிப் போயிடும், அதுக்குள்ள வேர் புடிச்சிடணும் அவ்ளோ தான். சணல் வலை விலை கம்மி தான், ஆனா அது சீக்கிரமே மக்கிடும், நமக்கு ஒத்து வராது.

ஆனா கடையில ஒரு விஷயம் சொல்லவே மாட்டேங்குறாங்க. மேல இருந்து வர்ற தண்ணிய திருப்பாம இத விரிச்சா மொத்த காசும் வேஸ்ட். மேல ரப்பர் தோட்டம் இருக்குன்னா அங்க விழுற மழை பூரா உங்க வெட்டு மேல தான் இறங்கும், வலைக்கு அடியில பூந்து மண்ணை இழுத்துட்டு போயிடும், வலை மட்டும் தொட்டில் மாதிரி தொங்கும். அதனால முதல் வேலை வெட்டுக்கு மேல ஒரு வாய்க்கால் எடுத்து தண்ணிய பக்கவாட்டுல கொண்டு போயி, தண்ணி விழுற இடத்துல கருங்கல் போட்டு விடணும், அது முடிஞ்சப்புறம் தான் ஜேசிபிய உள்ள விடணும். மேல்மண்ணை அரை அடி வழிச்சு தனியா குவிச்சு தார்ப்பாய் போட்டு மூடி வைங்க, அத லோடு ஏத்தி அனுப்பிடலாம்னு சொல்றவங்களை நம்பாதீங்க, புல்லு வளரணும்னா அந்த மண்ணு தான் வேணும், கீழ இருக்குற வெட்டுக்கல்லுல, அதான் இறுகிப்போன செம்மண் பாறையில, ஒண்ணும் முளைக்காது.

அதே மாதிரி ஃபில்லிங் பண்ற பக்கம், அதாவது பள்ளத்தை மண்ணு போட்டு மேடாக்குற பக்கம், ஒரேடியா மண்ணை கொட்டி ஜேசிபி டயர ஏத்தி இறக்கினா இறுகிடும்னு டிரைவர் சொல்லுவாரு. இறுகாது. அரை அடி முக்கால் அடியா போட்டு, லேசா தண்ணி விட்டு, ரோலர் ஓட்டணும். இல்லன்னா 2023 டிசம்பர் மாதிரி ஒரு மழை வந்தா எந்த வலையும் தாங்காது, அது மேல்மண் அரிப்புக்கான சாமான், சரிவே நழுவுனா புடிச்சு நிறுத்தாது. செங்குத்தா வெட்டி வச்சிருந்தா பேசாம கல்லு கட்டிடுங்க.

விரிக்கிற முறை: மேல ஒரு அடி குழி எடுத்து வலையோட நுனிய அதுல மடக்கி போட்டு மண்ணு மூடணும், ரோலை மேல இருந்து கீழ உருட்டணும், குறுக்க விரிக்க கூடாது. இழுத்து கட்டுறதும் தப்பு, பந்தல் துணி மாதிரி விறைப்பா நிக்க கூடாது, மேடு பள்ளம் எல்லாத்துலயும் மண்ணோட ஒட்டி கிடக்கணும். எங்க மேஸ்திரிக்கு இத புரிய வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு, அவருக்கு பாக்க நீட்டா இருக்கணுமாம்!

ஒரு ஸ்டார் குறைக்கிறது, வலைய மண்ணோட சேர்த்து அடிக்க அதோட சேர்த்து குடுத்த கம்பிக்கு. பைண்டிங் வயரை விட கொஞ்சம் தடிமன், வெட்டுக்கல்லுல அடிச்சா ஊசி மாதிரி வளையுது. நான் கம்பிக்கடையில 8 எம்எம் வாங்கி கொக்கி மாதிரி வளைச்சு அடிச்சேன், ஆடாம நிக்குது. சரிவோட அடியில ஒரு குழி வெட்டி வைங்க, வர்ற வண்டல் அதுல தங்கட்டும், ரோட்டுக்கு போச்சுன்னா பக்கத்து வீட்டுக்காரரு கிட்ட பதில் சொல்லி மாளாது.

வாங்குறதா இருந்தா மே மாசத்துக்குள்ள வாங்கிடுங்க. மழையில நனைஞ்ச ரோல் வந்தா இறக்கவே இறக்காதீங்க, தண்ணி குடிச்சு கனம் ஏறிடும், இறக்கு கூலியும் ஏறும். காய்ஞ்சு கிடக்கும்போது அது பக்கத்துல யாரையும் பீடி பத்த வைக்க விடாதீங்க, நாரு குப்புனு புடிச்சுக்கும்.