கார்த்திகைக் கிழங்கு: காட்டிலிருந்தா, விதையிலிருந்தா?

திருகோணமலையில் மாரி தொடங்கினால் வேலிக்கு ஒரு கார்த்திகைப்பூக் கொடி இருந்தால் என்ன என்று தோன்றும். காட்டில் தோண்டிய கிழங்கு அந்த மாரியிலேயே பூக்கக்கூடும். ஆனால் அதற்குக் கலப்பைக்கிழங்கு என்றே ஒரு பெயர் உண்டு. கலப்பைபோல இரண்டாகப் பிரிந்திருக்கும், முளை நுனியில்தான் வரும். அலவாங்கால் அவசரமாகக் கிளப்பினால் அந்த நுனிதான் முறியும். அப்புறம் உங்கள் வீட்டிலும் முளைக்காது, காட்டிலும் வெறும் குழி. காப்புக்காட்டில் தோண்டுவது குற்றமும்கூட.

விதையென்றால் பூக்க 3, 4 வருடம் ஆகும். சரி, ஆகட்டும். அயல்வீட்டுக் கொடியில் காய் வெடித்ததும் அந்தச் சிவந்த விதைகளைக் கேட்டு வாங்குங்கள். நான் விதையைத்தான் சொல்வேன். கிழங்கு, விதை இரண்டிலும் கொல்சிசின் என்ற கடும் நஞ்சு உண்டு. பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.