சிகப்பு ரோஜாக்களா, பீட்சாவா?

ஒரே படத்தில் காதலும் வேண்டும், பயத்தில் வயிற்றைக் கலக்கவும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டில் ஒன்றைத்தான்.

1978இல் பாரதிராஜா எடுத்த 'சிகப்பு ரோஜாக்கள்' பேய்ப்படம் இல்லை. ஆனாலும் பயம் அதில்தான் அதிகம். துணிக்கடையில் வேலை பார்க்கும் ஸ்ரீதேவியைக் கமல் துரத்தித் துரத்திக் காதலிக்கும்போதே அவன் யாரென்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கல்யாணமாகி அந்த பங்களாவுக்குள் போகிறாளே, அங்கிருந்து நகம் கடிக்க வேண்டியதுதான். ரோஜாச் செடிகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தபின் இளையராஜாவின் காதல் பாட்டுகூட வேறு மாதிரி கேட்கிறது. பெண்களைப் பற்றிய படத்தின் பார்வைதான் இன்று சங்கடம்.

2012இல் வந்த 'பீட்சா', கார்த்திக் சுப்புராஜின் முதல் படம். விஜய் சேதுபதி, ரம்யா நம்பீசன் காதல் ரொம்ப இயல்பு. அப்புறம் அவன் பீட்சா டெலிவரிக்குப் போன வீட்டில் இருட்டு, கையில் டார்ச். திருப்பத்தைச் சொன்னால் பாதி ருசி போச்சு, அதனால் வாய் திறக்கமாட்டேன்.

ஜோடியாகப் பார்க்க பீட்சா. வேளச்சேரி ஃபிளாட்டில் தனியாக, மழை இரவில் என்றால் பழைய படம்தான். கரண்ட் போனால் நான் பொறுப்பில்லை.