20 அங்குலக் குழலோடு ஸ்கீட்: புதிதாகத் தொடங்குபவருக்குத் தேறுமா?

நெல்லைப் பக்கம் வயல்காவலுக்கென்று உரிமம் வாங்கிய வீடுகளில் பெரும்பாலும் நீளக் குழல் இரட்டைத் துப்பாக்கிதான் இருக்கும். இப்போது 20 அங்குலக் குழல் பம்ப் துப்பாக்கி (முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது) மீது பலருக்கு ஆசை வந்திருக்கிறது. கைக்கு அடக்கம், காரில் வைக்க வசதி. அதையே ஸ்கீட், அதாவது இரண்டு பக்கத்திலிருந்தும் பறந்துவரும் தட்டுகளைச் சுடும் விளையாட்டின் களத்துக்கும் கொண்டுபோகலாமா என்பதுதான் கேள்வி. கொண்டுபோகலாம். ஆனால் முதல் துப்பாக்கியாக அது வேண்டாம்.

முதலில் சட்டம். குழல் 20 அங்குலத்துக்குக் குறைந்தால் ஆயுத விதிகளில் வகையே மாறிவிடும். வீட்டிலிருக்கும் நீளக் குழலை தனி உரிமம் இல்லாமல் லேத்தில் கொடுத்து அறுப்பது 1959 ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி குற்றம். தேர்தல் அறிவித்துவிட்டால் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போய்விடும். பயிற்சியை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். தேரிக்காட்டில் ஆளில்லை என்று அங்கே தட்டு எறிந்து சுடுவதெல்லாம் கூடவே கூடாது. அனுமதி பெற்ற களம் மட்டுமே. ஷாட்கன் சுடுதலுக்குப் புதுக்கோட்டை பேர்பெற்ற ஊர்; 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் (முன்னாலிருந்து விலகிப் பறக்கும் தட்டைச் சுடும் வகை) சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் அந்த ஊர்க்காரர். எங்கே போவதானாலும் ஸ்கீட் களம் இருக்கிறதா, டிராப் மட்டுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

ஸ்கீட்டில் அரைவட்டமாக ஏழு நிலை, நடுவில் எட்டாவது. இடப்பக்கம் உயர வீடு, வலப்பக்கம் தாழ்ந்த வீடு; தட்டு எறியும் எந்திரம் இருக்கும் கூண்டுகள் இவை. இரண்டிலிருந்தும் 11 சென்டிமீட்டர் தட்டுகள் பறக்கும். ஒரு சுற்றுக்கு 25 தட்டு, 25 தோட்டா. உரிமத்தில் எழுதியிருக்கும் தோட்டாக் கணக்கு எத்தனை சுற்றுக்குத் தாங்கும் என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

குட்டைக் குழலில் ரவை (தோட்டாவிலுள்ள சிறு குண்டுகள்) ரொம்பச் சிதறிவிடும் என்று பயப்படுவார்கள். அது வீண் பயம். சிதறலைத் தீர்மானிப்பது சோக், அதாவது குழல் வாயிலுள்ள குறுக்கம். குழலின் நீளத்துக்கு அதில் பங்கு மிகக் குறைவு. ஸ்கீட்டில் பெரும்பாலான தட்டுகள் ஏறத்தாழ 20 மீட்டர் தூரத்திலேயே உடைபடும். அந்தத் தூரத்துக்கு சோக் இல்லாத நேர்க்குழல் நன்றாகவே பொருந்தும். சந்தேகமிருந்தால் களத்திலேயே செய்தித்தாள்களை ஒட்டி, 75 சென்டிமீட்டர் வட்டம் போட்டு, 20 மீட்டரிலிருந்து ஒன்று சுட்டுப் பாருங்கள். 2 மில்லிமீட்டர் ரவை என்றால் 24 கிராம் தோட்டாவில் 500க்கு மேல் இருக்கும். வயல்காவலுக்கு வாங்கிவைத்த எல்.ஜி., எஸ்.ஜி. என்னும் பெருங்குண்டுத் தோட்டாவில் குண்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைக் களத்துக்கு எடுத்துவரவே வேண்டாம்.

உண்மையான தொல்லை முன்பக்க எடை குறைவதுதான். நான்காம் நிலையில் நின்று பாருங்கள். குழலின் மூக்கை, வீட்டுக்கும் களத்தின் நடு முளைக்கும் இடையே, வீட்டுப் பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்தி, கண்ணை மட்டும் தட்டு வெளியே வரும் ஜன்னல் பக்கம் திருப்பி, தட்டு விடச் சொல்லிக் கூப்பிட வேண்டும். தட்டு வந்ததும் அதோடு சேர்ந்து இடுப்பு திரும்பணும். இந்த நிலையில் தட்டுக்கு முன்னால் ஏறத்தாழ நான்கடி விட்டுச் சுட வேண்டும். பதினோரு தட்டை வரிசையாக வைத்த நீளம் அது. 28 அங்குலக் குழலின் கனம் தன் ஓட்டத்திலேயே போய்க்கொண்டிருக்கும். குட்டைக் குழல் சட்டென்று கிளம்பும், விசையை இழுக்கும்போது சட்டென்று நின்றும்விடும். ரவை தட்டுக்குப் பின்னால் போகும். புதியவர் உடனே தலையைத் தூக்கிப் பார்ப்பார், அடுத்ததும் போச்சு. “அண்ணாச்சி, கன்னத்தைக் கட்டையிலேர்ந்து எடுக்காதீய” என்று பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இரண்டு வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் வரும் இரட்டைத் தட்டில் பம்ப் இன்னொரு சோதனை. அவசரத்தில் பாதி இழுத்துத் தள்ளினால் காலி உறை வெளியே வராது, புதிய தோட்டாவும் ஏறாது. பின்னால் இடிக்கும்வரை இழுக்க வேண்டும். போட்டி ஆசை இருப்பவர்களுக்கு ஒன்று: சர்வதேச விதிப்படி பம்ப் துப்பாக்கிக்கு இடமே இல்லை.

துப்பாக்கி இலேசு என்பதால் தோளில் உதை கூடுதல். 24 கிராமுக்கு மேல் போகாதீர்கள். குழல் வாய் முகத்துக்குக் கிட்டே இருப்பதால் சத்தமும் கூடுதல். காதடைப்பான், கண்ணாடி இரண்டும் கட்டாயம். விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் மூக்கைக் களத்தை நோக்கியே பிடித்து அரை நிமிடம் காத்திருங்கள். ‘புஸ்’ என்று வெடித்தால் துப்பாக்கியைக் காலிசெய்து, குழலுக்குள் அடைப்பு இல்லையென்று பார்த்த பிறகே அடுத்த தோட்டா. தாத்தா காலத்துத் துப்பாக்கி என்றால் தோட்டா அமரும் அறை 65 மில்லிமீட்டரா 70ஆ என்று பாருங்கள். 65இல் 70 தோட்டா நுழைந்துவிடும், ஆனால் வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடமிருக்காது, அழுத்தம் ஏறிவிடும்.

நம்ம ஊர்க் காற்றையும் கணக்கில் எடுக்கணும். ஆனி, ஆடியில் மேல்காற்று பிய்த்துக்கொண்டு வரும். களம் வடக்குப் பார்த்திருந்தால் தாழ்ந்த வீட்டுத் தட்டு காற்றை எதிர்த்துப் போய் மேலே ஏறும். உயர வீட்டுத் தட்டை அதே காற்று கீழே அமுக்கும். தொடங்குவதற்குப் பங்குனி மாதத்துக் காலை நேரம் தேவலை.

முதல் நான்கு சுற்றுக்குக் களத்திலேயே பயிற்சியாளர் மேற்பார்வையில் 28 அங்குல மேல்-கீழ் இரட்டைக் குழல் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒன்றாம், ஏழாம் நிலைகளில் மட்டும் சுட்டுப் பழகி, பிறகு நான்குக்கு வாருங்கள். குட்டைக் குழல் அதற்கப்புறம் போதும்.